கூண்டேறாத தலைவர்கள்

காஞ்சியை அடுத்த ஐயம்பேட்டையில், தறிகள் ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதிலே, படிப்பகத்து முன்றிலில் இளைஞர் சிலரோடு அமர்ந்திருந்தோம். அயல்நாட்டுத் தலைவர் ஒருவர்மீது வந்த குற்றச்சாட்டுத் தீர்மானம் தோற்றதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நெசவாளத் தோழன் ஒருவன் கேட்டான்:

"ஐயா, புடவையிலே ஓர் இழை பிசகினால் எங்கள் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். கோர்வையில் குறை என்றால் புடவையையே தள்ளிவிடுகிறார்கள். நாட்டை நெய்ய அமர்த்திய தலைவன் பிசகினால் இறக்கிவிட ஏட்டிலே வழி உண்டு என்கிறீர்கள். ஆனால், இறக்க முயன்று தோற்ற கதையைத்தானே அதிகம் கேட்கிறோம்? அத்தனை தலைவர்களுமா குற்றமற்றவர்கள்?"

கேள்வி சிறிது. ஆனால் அதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. தேடியதைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அருகிலேயே பார்ப்போம். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்றுச் சுவரிலே பல்லவர் வரலாறு கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரமேசுவரவர்மன் வாரிசின்றி மாண்டான். அரியணை காலியாயிற்று. அமைச்சரும், கடிகையாரும், குடித்தலைவரும் கூடி இரணியவர்மனிடம் சென்றனர். அவன் மக்களுள் மூத்தவர் மறுக்க, பன்னிரண்டே அகவையான சிறுவன் பல்லவமல்லன் இசைந்தான். அவனை அழைத்து வந்து நந்திவர்மன் எனப் பெயரிட்டு முடி சூட்டினர். மன்னன் பிறக்கிறான், அமர்த்தப்படுவதில்லை என்று மார்தட்டுவோர் அந்தச் சுவரின் முன் சற்று நின்று பார்க்கட்டும். மனிதர்கள் கூடிப் பேசி, கைபிடித்து அழைத்து வந்த மன்னன் அவன். ஆனால் தோழர்களே, அமர்த்திய காட்சிதான் அந்தச் சுவரில் இருக்கிறது. அமர்த்தியவர்களே கூடி, "நீ தவறினாய், எழுந்து போ" என்று சொல்லும் காட்சியை அங்கே தேட வேண்டாம். அந்த நாளில் மன்னனை இறக்கியது வாள். பேச்சன்று, வாக்கன்று.

சற்றுத் தெற்கே உத்திரமேரூர். பராந்தகச் சோழன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காட்டிக் குடவோலையின் பெருமையை மேடைதோறும் முழங்குகிறார்கள். அதிலே மெச்சத்தக்கது ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அமர முடியாது, அவன் உறவினரும் அமர முடியாது. பதவி என்றால் கணக்கு என்ற எண்ணம் அன்றே இருந்தது. ஆனால் அந்தக் குடத்திலே ஓலை யாருக்கு? சொந்த நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடைய சதுர்வேதிமங்கலத்தாருக்கு. தறியில் அமர்ந்தவனுக்கு அதில் ஓலை இல்லை. இதைச் சொல்லாமல் அதைச் சொல்வது பாதி வரலாறு. மேலும், அங்கே கணக்குக் கேட்டது வாரியத்தானை. நாடாண்ட மன்னனை அன்று.

ஆள்பவனையே கூண்டில் நிறுத்தும் முறை பிற்கால அரசமைப்புகளிலே எழுதப்பட்டது. அமெரிக்க நாட்டிலே பேரவை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், அங்கே மூன்றில் இரு பங்கினர் "குற்றவாளி" என்றால் தலைவர் இறங்க வேண்டும். முதல் முயற்சி டைலர் என்பவர்மீது 1843 இல் எழுந்தது. பேரவையிலேயே 83 பேர் ஆதரிக்க, 127 பேர் எதிர்க்க, முளையிலேயே கருகிற்று. நமக்குப் பாடமாவது அடுத்தது.

ஆபிரகாம் லிங்கன் 1865 இல் சுடப்பட்டு மாண்டபின் நாற்காலியில் அமர்ந்தவர் ஆண்ட்ரூ ஜான்சன். தெற்கு மாநிலத்தவர், அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். போரிலே வென்று விலங்கொடித்த கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை 1866 இல் தம் கையாலே தடுத்தார். அவர்களுக்கு உதவ எழுந்த சட்டத்தையும் தடுத்தார். நாற்பது இலட்சம் மக்களின் விடுதலையை வெறுங்காகிதமாக்க முனைந்தவர்மீது எழுதவேண்டிய குற்றம் எது? இதுவன்றோ! ஆனால் சட்ட வல்லுநர்கள் வேறு வழி கண்டனர். செனட்டைக் கேளாமல் அதிகாரிகளை நீக்கக்கூடாது என்று 1867 இல் ஒரு சட்டம் செய்திருந்தார்கள். 1868 பிப்ரவரியில் ஜான்சன் போர்த்துறைச் செயலாளர் ஸ்டாண்டனை நீக்கினார். "அகப்பட்டார்!" என்றார்கள். பேரவையில் 126 பேர் ஆதரவு, 47 பேர் எதிர்ப்பு. பதினொரு குற்றங்கள் எழுதப்பட்டன. பெரும்பாலானவை ஸ்டாண்டனைப் பற்றியவை! சவுக்கடி பட்ட முதுகைக் காட்டி நீதி கேட்க வேண்டியவர்கள், ஓர் அதிகாரியின் நாற்காலியைக் காட்டி நீதி கேட்டார்கள்.

செனட்டில் 54 பேர். 36 வாக்குகள் தேவை. 1868 மே 16 அன்று எண்ணிப் பார்த்தபோது கிடைத்தவை 35. ஒரே ஒரு வாக்குக் குறைவு. பத்து நாள் கழித்து வேறு இரு குற்றங்களை எடுத்தனர், அப்போதும் 35தான். குற்றம் சாட்டிய கட்சியைச் சேர்ந்த எழுவரே மாறி வாக்களித்திருந்தனர். அவர்களை மனச்சாட்சியின் மாவீரர்கள் என்று போற்றும் நூல்கள் உண்டு. விலை போனவர்கள் என்று தூற்றுவோரும் உண்டு. நாம் பார்ப்பது இது: எழுதப்பட்ட குற்றம் மெலிந்தது, அதனால் நழுவ வழி கிடைத்தது. அந்த 1867 ஆம் ஆண்டுச் சட்டமே பின்னாளில் நீக்கப்பட்டது. உண்மையான குற்றம் எதுவோ, அது செனட்டிலே முழுமையாகக் கேட்கப்படவே இல்லை.

பிறகு கிளிண்டன்மீது 1999 இலும், டிரம்ப்மீது 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் செனட்டிலே விசாரணை நடந்து தோற்றது. கடைசியில் 57 பேர் குற்றவாளி என்றும் 43 பேர் அன்று என்றும் வாக்களித்தனர். 67 பேர் வேண்டியிருந்தது. அவற்றை விரிக்கவில்லை. கட்சி எல்லையைத் தாண்டி வாக்களித்தவர் சிலரே என்று சொன்னால் போதும். நிக்சன்? 1974 ஆகஸ்டில், பேரவை வாக்களிக்கும் முன்பே தாமாக விலகினார். தம் கட்சியாரே தம்மைக் கைவிடுவர் என்பதை அறிந்தபின் விலகினார். அந்தக் கடைசிச் சொற்றொடரை மனத்தில் வையுங்கள்.

இனி, கடலுக்கு அப்பால் நம் உறவினர் வாழும் இலங்கைத் தீவுக்கு வருவோம். எமக்கு இதுவே பெரிய பாடம்.

1978 ஆம் ஆண்டு அரசமைப்பு அங்கே நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி ஒருவரைப் படைத்தது. படைத்தவர் ஜெயவர்த்தனா. பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் அவருக்கு. அமைச்சரை அமர்த்தும் அதிகாரமும் அவருக்கு. 1982 இல் தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத பதவி விலகல் கடிதங்களை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். கேளுங்கள் தோழர்களே! மக்கள் பிரதிநிதி என்கிறோம். அந்தப் பிரதிநிதியின் பதவி தலைவரின் மேசை அறையிலே பூட்டிக் கிடந்தது.

ஆயினும் அந்த அரசமைப்பிலேயே 38 ஆம் பிரிவு என்று ஒரு கதவும் இருந்தது. அரசமைப்பை வேண்டுமென்றே மீறினார், துரோகம் செய்தார், இலஞ்சம் வாங்கினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஜனாதிபதிமீது உறுப்பினர்கள் சபாநாயகரிடம் குற்றம் எழுதிக் கொடுக்கலாம். 225 பேரில் மூன்றில் இரு பங்கினர் கையொப்பமிட வேண்டும்; அல்லது பாதிப்பேர் கையொப்பமிட்டு, விசாரிக்கத் தக்கதே என்று சபாநாயகர் கருத வேண்டும். பின்பு அவையில் மூன்றில் இரு பங்கு வாக்கு. பின்பு உயர்நீதிமன்றத்தின் விசாரணை - அது அந்நாட்டின் தலைமை நீதிமன்றம். நீதிமன்றம் குற்றம் உண்டு என்றால், மீண்டும் மூன்றில் இரு பங்கு வாக்கு. ஒரு கதவு என்றோமே, எண்ணிப் பார்த்தால் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு!

1989 சனவரியில் ஜனாதிபதிப் பொறுப்பேற்றவர் ரணசிங்க பிரேமதாசா. கொழும்பு வாழைத்தோட்டத்திலே எளிய குடும்பத்தில் பிறந்தவர்; உயர்குடிச் செல்வர்களே மாறி மாறி அமர்ந்த நாற்காலியிலே, அந்த வட்டத்திற்கு வெளியேயிருந்து வந்து அமர்ந்தவர். ஏழைகளுக்கு வீடு கட்டும் திட்டத்தால் பேர் பெற்றவர். ஆட்சியிலோ எல்லாக் கயிறுகளையும் தம் ஒரு கையிலே பிடித்தவர். அமைச்சர்கள் பெயரளவில் அமைச்சர்கள் என்ற மனக்குறை அவர் கட்சிக்குள்ளேயே புகைந்தது. 1991 ஆகஸ்டில் அது பற்றிக்கொண்டது.

லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்கா, பிரேமச்சந்திரா என்போர் ஆளும் கட்சியிலிருந்தே முன்னின்றனர். எதிர்க்கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அணியும் சேர்ந்தது. இரகசியமாகக் கையொப்பங்கள் திரட்டப்பட்டன. ஆகஸ்டு இறுதியில் தீர்மானம் சபாநாயகர் முகமதுவின் கைக்குச் சேர்ந்தது. ஈழத்துத் தமிழ் ஏடுகள் இதைக் "குற்றப் பிரேரணை" என்று எழுதின. தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார், புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார் என்பன உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட குற்றங்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. சபாநாயகர் அதை ஏற்றதாக ஜனாதிபதிக்குக் கடிதம் அனுப்பினார். ஏற்றுவிட்டால் அரசமைப்பின்படி பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது. பெரிய வாள் பறிபோயிற்று!

ஆனால் சிறிய கத்தி ஒன்று உறையிலே இருந்தது. கலைக்கத்தானே கூடாது? ஒத்திவைக்கலாமே! ஆகஸ்டு 30 அன்று கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. செப்டம்பர் 24 வரையில் அவை இல்லை. அந்த மூன்றரை வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று தறியடியில் இருக்கும் தோழனுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டுப் பத்துப்பேர் கையொப்பமிட்ட தாளை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த மாதம் பேசுவோம்" என்ற விடையோடு திரும்பியவர்களுக்கு அது தெரியும். அடுத்த மாதம் வரும்போது பத்து ஆறாகியிருக்கும். "என்னவென்று தெரியாமல் போட்டுவிட்டேன்" என்று நால்வர் சொல்லியிருப்பர்.

கொழும்பிலும் அதுவே நடந்தது. ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் ஜனாதிபதியை ஆதரித்துக் கையொப்பம் வாங்கப்பட்டது. முன்பு கையொப்பமிட்டோர் சிலர் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கூறினர். எத்தனை பேர் கையொப்பமிட்டனர் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அக்டோபர் முற்பகுதியில், ஏற்றதாகக் கடிதம் எழுதிய அதே சபாநாயகர், செல்லத்தக்க கையொப்பங்கள் போதவில்லை என்று கூறித் தீர்மானத்தைத் தள்ளினார். நான்கு கதவுகளில் முதற்கதவிலேயே முடிந்தது முயற்சி. ஒட்டுக்கேட்டாரா, இல்லையா? கொடுத்தாரா, இல்லையா? நீதிமன்றம் விசாரிக்கவில்லை, அவை விவாதிக்கவில்லை.

முன்னின்ற எண்மரைக் கட்சி விலக்கியது. விலக்கினால் பாராளுமன்ற இடமும் போகும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவர்கள் நீதிமன்றம் சென்றனர்; அவ்வாண்டு டிசம்பரில் விலக்கியது செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஆக, விசாரணை கேட்ட அந்த எண்மருக்குத் தண்டனை கிடைத்தது.

இங்கே தோழர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்நாட்களில் பிரேமதாசாவின் ஆதரவாளர்கள் என்ன சொன்னார்கள்? "ஏழை வீட்டுப் பிள்ளை நாற்காலியில் அமர்ந்ததை உயர்குடியார்க்குப் பொறுக்கவில்லை" என்றார்கள். அதிலே உண்மை இல்லாமல் இல்லை. எதிர்த்து நின்ற லலித் ஆக்சுபோர்டிலே பயின்று, அங்கே மாணவர் மன்றத் தலைவராக விளங்கியவர். குடிப்பெருமையும் கல்விச் செருக்கும் அந்த எதிர்ப்பிலே ஓர் ஊடையாக ஓடியிருக்கலாம். பிறப்பைச் சொல்லி இழித்தவர்களைக் கண்டால் கொதிக்கும் நெஞ்சம் நம்முடையது. அதனாலேயே இந்தச் சொல் நம்மை எளிதில் மயக்கும். தாழ்ந்தவன் எனத் தள்ளப்பட்டவன் ஆள வந்தான் என்று மகிழ்வோம், மகிழ்ச்சி முறையானது. ஆனால் அவன் ஒட்டுக்கேட்டானா என்ற கேள்விக்கு "அவன் வாழைத்தோட்டத்தில் பிறந்தான்" என்பது விடையாகுமா? குற்றம் சாட்டியவன் செருக்கன் என்பதால் குற்றம் பொய்யாகிவிடுமா?

எமக்குப் பிரேமதாசாமீது தனிப்பகை இல்லை. லலித்மீது பற்றும் இல்லை. இனப்போர் நாட்களில் 1984 முதல் தேசப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர்மீது தமிழருக்கு என்ன பற்று இருக்க முடியும்? இருவரில் எவர் நம்மவர் என்று பார்த்தால், எவரும் இல்லை. அதனாலேதான் நம்மால் தெளிவாகப் பார்க்க முடிகிறது போலும்.

நம்மவர் என்று வரும்போது? அதையும் பார்த்துவிடுவோம், ஒளிப்பது நம் வழக்கமன்று.

இந்தியக் குடியரசுத் தலைவரை நீக்க 61 ஆம் பிரிவு உண்டு. ஏதேனும் ஓர் அவையில் நான்கில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுப் பதினான்கு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த அவையின் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். மற்ற அவை விசாரித்து அதேபோல் இசைய வேண்டும். இந்தப் பிரிவின்கீழ் எந்தத் தலைவரும் நீக்கப்பட்டதில்லை. ஆனால் அதற்கு நெருங்கிய உறவான நீதிபதி நீக்க முறை பாராளுமன்றத்தில் ஒருமுறை கடைசிப்படி வரை ஏறிச் சறுக்கியது. அந்த நீதிபதி தமிழ்நாட்டவர்: வி. இராமசாமி.

பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகச் சண்டிகரில் இருந்தபோது, தம் அரசு இல்லத்திற்கும் அலுவலகத்திற்கும் பொதுப்பணத்தை வரைமுறையின்றிச் செலவிட்டார் என்பது புகார். 1989 இல் அவர் உச்ச நீதிமன்றம் சென்றபின் புகார் வெளிப்பட்டது. 1991 இல் மக்களவை உறுப்பினர் 108 பேர் கையொப்பமிட்டனர். சபாநாயகர் ரவி ராய் அதை ஏற்று, நீதியரசர்கள் சாவந்த், தேசாய், சின்னப்ப ரெட்டி ஆகிய மூவரைக் கொண்ட குழுவை அமைத்தார். அந்த அவை கலைந்தது. தீர்மானமும் கலைந்ததோ என்ற வழக்கு எழுந்தது. கலையவில்லை என்றது உச்ச நீதிமன்றம். குழு விசாரித்து, பதினான்கு குற்றங்களுள் பதினொன்று மெய்ப்பட்டன என்று அறிக்கை தந்தது. கொழும்பிலே நடவாதது இங்கே நடந்தது: விசாரணை முடிந்தது!

1993 மே 10, 11 ஆகிய இரு நாளும் மக்களவையில் விவாதம். சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நீதிபதிக்காக வழக்குரைஞர் கபில் சிபல் அவையின் வாயிலருகே நின்று வாதிட்டார். வாக்கெடுப்பு வந்தது. ஆதரவு 196. எதிர்ப்பு? ஒன்றுகூட இல்லை. ஆம் தோழர்களே, "இவர் குற்றமற்றவர்" என்று சொல்லிக் கை தூக்க ஒருவரும் இல்லை! ஆனால் 205 பேர் வாக்களிக்காமல் வாய்மூடி அமர்ந்திருந்தனர். அவையின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதியால் தீர்மானம் மாண்டது. வாக்களிக்காதவர்கள் ஆளும் காங்கிரசாரும் அவர்தம் தோழமையினரும். கட்சிக் கட்டளை ஏதும் இல்லை, அவரவர் மனச்சாட்சிப்படி என்றே சொல்லப்பட்டது. இருநூறு மனச்சாட்சிகள் ஒரே நொடியில், ஒரே வகையாய் ஊமையான விந்தையை என்னென்பது!

அந்நாட்களில் தெற்கிலே எழுந்த ஒரு பேச்சையும் மறக்கக் கூடாது. "அவர் தென்னாட்டார், அதனால் வடக்கத்தியார் துரத்துகிறார்கள்" என்றார்கள். வடவர் ஆதிக்கத்தை எதிர்த்த இயக்கத்தின் சொல்லை எடுத்து, மக்கள் பணத்தைப் பற்றிய கேள்விக்குக் கேடயமாகப் பிடித்தார்கள். அந்தச் சொல் யாருக்காகப் பிறந்தது? தறியில் இருப்பவனுக்காக, ஏரில் இருப்பவனுக்காக. நீதிபதியின் இல்லத்து அறைகலன்களுக்காகவா பிறந்தது? கொழும்பிலே "ஏழைப் பிள்ளை", தில்லியிலே "தென்னாட்டார்". "செய்தாரா?" என்ற கேள்வி எழும்போதெல்லாம் "யாருடைய ஆள்?" என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. முன்னதை மறந்து பின்னதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தீர்மானம் தோற்ற மூன்றாம் நாள், 1993 மே 14 அன்று, அந்த நீதிபதி பதவி விலகினார்.

தோல்வி என்றால் எல்லாம் தோல்விதானா என்று ஐயம்பேட்டைத் தோழன் கேட்டபோது நாம் பிலிப்பைன்சைச் சொன்னோம். அங்கே தலைவர் எஸ்திராதாமீது செனட்டிலே விசாரணை. 2001 சனவரி 16 அன்று, வங்கிக் கணக்குச் சான்றுகள் அடங்கிய உறை ஒன்றைத் திறக்கலாமா என்று வாக்கெடுத்தனர். திறக்க வேண்டாம் என்றவர் 11 பேர். திறக்கலாம் என்றவர் 10 பேர். விசாரணை அத்துடன் குலைந்தது. ஆனால் அதை மக்கள் தொலைக்காட்சியிலே பார்த்துக்கொண்டிருந்தனர். அன்றிரவே மணிலாவின் தெருக்களில் இறங்கினர். நான்கு நாளில் தலைவர் மாளிகையை விட்டு வெளியேறினார். இதைச் சொன்னதும் இளைஞர்கள் கைதட்டினர். நாமோ தட்டவில்லை. தெருவில் கூட்டம் திரண்டால் எவரையும் இறக்கலாம். குற்றம் செய்தவனையும் இறக்கலாம், செய்யாதவனையும் இறக்கலாம். உறையைத் திறந்து பார்த்து இறக்குவது வேறு.

இலங்கையிலேயே அதற்குச் சான்றுண்டு. ஜனாதிபதிக்கு எதிராக முதற்கதவிலேயே நின்றுபோன அந்த நாட்டுப் பாராளுமன்றம், 2012 நவம்பரில் தலைமை நீதியரசர் சிராணி பண்டாரநாயக்காமீது குற்றப் பிரேரணை கொண்டுவந்தது. அப்போது ஜனாதிபதி மகிந்த ராசபக்ச; கையொப்பமிட்டோர் அவர் அணியினர். எந்தக் கதவிலும் பூட்டு இல்லை. 2013 சனவரி 11 அன்று 155 பேர் ஆதரிக்க, 49 பேர் எதிர்க்க, தீர்மானம் நிறைவேறியது. இரு நாளில் அவர் நீக்கப்பட்டார். தலைவர் விரும்பாதபோது இயங்காத பொறி, அவர் விரும்பியபோது எண்ணெய் இட்டது போல் ஓடிற்று.

1991 இன் மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று இளைஞர்கள் கேட்டனர். லலித் அத்துலத்முதலி 1993 ஏப்ரல் 23 அன்று கொழும்பிலே கூட்டமொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டாம் நாள், மே முதல் நாள் ஊர்வலத்தில், பிரேமதாசா குண்டுவெடிப்பில் மாண்டார். காமினி திசாநாயக்கா 1994 அக்டோபரில் தேர்தல் மேடையிலே குண்டுக்கு இரையானார். வாக்கால் தீர்க்கவேண்டியதை வாக்கால் தீர்க்காத தீவிலே, குற்றம் சாட்டியவரும் இல்லை, சாட்டப்பட்டவரும் இல்லை.

இருட்டிவிட்டது. நெசவாளத் தோழன் எழுந்தான். மறுநாள் காலையில் பாவு பிணைக்க வேண்டுமாம். போகும்போது மீண்டும் கேட்டான்: "அந்தக் கொழும்புத் தாளில் முதலில் கையொப்பம் போட்டுவிட்டு, பிறகு மாற்றிச் சொன்னார்களே, அவர்கள் பெயர்களை அவர்கள் ஊர்க்காரர்களாவது கேட்டிருப்பார்களா, ஐயா?"